பெட்டியை விற்பவர் பலர்; படகில் ஏறுபவர் சிலர்

ஆழ்கடல் மீனவர் திசைக்கருவி வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

கொச்சி, தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் நின்று காது கொடுத்தால், மலையாளத்துடன் தமிழும் கலந்து கேட்கும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் நீரோடி முதல் இரயுமன்துறை வரை அடுத்தடுத்து இருக்கும் எட்டுக் கடற்கரைக் கிராமங்களின் மீனவர்கள், பல ஆண்டுகளாக இத்துறைமுகத்தைத் தளமாகக் கொண்டு ஆழ்கடல் தொழில் செய்து வருகிறார்கள். குழித்துறையில் ரயில் ஏறி எர்ணாகுளத்தில் இறங்கி, படகில் ஐஸ், டீசல், அரிசி, தண்ணீர் ஏற்றிக்கொண்டு புறப்பட்டால், கரை திரும்ப ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். சுறாவையும் சூரையையும் தேடி லட்சத்தீவுக்கு அப்பாலும் போகிறார்கள்.

இவர்களுடைய பாட்டன்மார், கரையில் தெரியும் மலையையும் தேவாலயக் கோபுரத்தையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்து இடம் குறித்தார்கள். இரவில் நட்சத்திரம் வழிகாட்டியது. கரை கண்ணுக்கு மறைந்து பல நாள் ஓடும் இன்றைய படகுக்கு அது மட்டும் போதாது. இருக்கும் இடத்தைச் சொல்ல ஜி.பி.எஸ்., அடியில் உள்ள ஆழத்தையும் மீன் கூட்டத்தையும் காட்ட எக்கோ சவுண்டர், பக்கத்துப் படகோடு பேச வயர்லெஸ் ஆகிய மூன்றும் வலைக்கும் தூண்டிலுக்கும் சமமான தொழிற்கருவிகள் ஆகிவிட்டன.

இவற்றை விற்கும் கடைகள் எல்லாத் துறைமுகங்களிலும் உண்டு. பெட்டி ஒன்றாகத்தான் இருக்கும். விலையிலும் சில ஆயிரம்தான் வித்தியாசம். ஆனால் கடைக்குக் கடை வேறுபடுவது ஒன்று இருக்கிறது. அது தெரியாமல் வாங்கியவர்கள் கடலில் வைத்துத் தெரிந்துகொள்கிறார்கள்.

ஒன்பதாம் நாள் அணைந்த திரை

தூத்தூர்ப் பகுதியைச் சேர்ந்த விசைப்படகு உரிமையாளர் ஒருவர், ஜி.பி.எஸ்.ஸும் எக்கோ சவுண்டரும் சேர்ந்த கருவி ஒன்றை நகரத்துக் கடையில் வாங்கினார். துறைமுகத்தை விட அங்கே விலை குறைவு. கடைக்காரர் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, பெட்டியையும் ஆங்கிலப் புத்தகம் ஒன்றையும் கொடுத்தார். யார் பொருத்துவார்கள் என்று இவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மின்சார வேலை கொஞ்சம் தெரிந்த மச்சான் படகில் வைத்து வயரை இணைத்துக் கொடுத்தார்.

படகில் 11 பேர். கடலுக்குப் போன ஒன்பதாம் நாள் திரை அணைந்து அணைந்து எரிந்தது. மறுநாள் அடியோடு நின்றது. பக்கத்துப் படகைப் பார்த்துக்கொண்டே, ஐஸ் அறை பாதிகூட நிரம்பாமல் கரைக்கு வந்தார்கள். டீசல் கடன் அப்படியே நின்றது.

விற்ற கடையில், "கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். ஒரு மாதம் ஆகும். பில் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். இவரிடம் இருந்தது ஒரு துண்டுச் சீட்டு. அதில் கருவியின் வரிசை எண் இல்லை.

பின்னர் ஒரு நண்பர் சொல்லி, துறைமுகத்துக்கு அருகே சிறு கடை வைத்திருக்கும் மலையாளி மெக்கானிக் ஒருவரிடம் போனார். கருவியைக் கடைக்குக் கொண்டு வரச் சொல்லாமல், அவர் தம் பையை எடுத்துக்கொண்டு படகுக்கே வந்துவிட்டார். வந்ததும் கருவியைத் திறக்கவில்லை. "என்ஜின் ஸ்டார்ட் பண்ணும்போது அணையுதா, ஓடும்போது அணையுதா?" என்று கேட்டார். மீட்டர் வைத்துப் பார்த்தார். என்ஜினைக் கிளப்பும் பேட்டரியிலிருந்தே கருவிக்கும் வயர் போயிருந்தது. நடுவே டேப் சுற்றிய இணைப்பில் உப்புத் தண்ணீர் இறங்கிப் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது.

"அண்ணே, செட்டு நல்ல செட்டு. வயர்தான் கேடு. புதுசு வேண்டாம்."

"ஏன் சேட்டா, புதுசு வித்தா உங்களுக்கு லாபம்தானே?"

"இன்னைக்கு ஒண்ணு விக்கலாம். கடல்ல அணைஞ்சா நாளைக்கு உங்க முகத்தைப் பாக்க முடியாதே, அண்ணே."

புது வயர், தனி ஃபியூஸ், அரை நாள் கூலி. அவ்வளவுதான் செலவு.

நல்ல கடைக்கு அடையாளம்

விற்பதற்கு முன் கேள்வி கேட்பது முதல் அடையாளம். படகில் உள்ளது 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா? எத்தனை பாகம் ஆழத்தில் தொழில்? எத்தனை நாள் கடல்? இவற்றைக் கேட்காமல் எடுத்துக் கொடுக்கும் கடைக்காரர், காலை அளக்காமல் செருப்பு விற்பவருக்குச் சமம்.

எக்கோ சவுண்டர் ஒலி அலையை அடியில் அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணக்கிடுகிறது. 50 கிலோஹெர்ட்ஸ் அலை அதிக ஆழம் போகும். 200 கிலோஹெர்ட்ஸ் அலை அவ்வளவு ஆழம் போகாது. ஆனால் சிறிய மீனையும் பிரித்துக் காட்டும். ஆழ்கடலுக்குப் போகிறவருக்கு 200 மட்டும் உள்ள கருவியை விற்றால் ஏமாற்றம்தான். படகின் அடியில் பொருத்தும் அதன் உணர்வுக் குமிழை, விசிறியின் நுரை படாத இடத்தில் வைக்க வேண்டும். படகு கரையேறும்போதுதான் அந்த வேலையைச் செய்ய முடியும். ஆகவே ஜூன், ஜூலை மாதத் தடைக்காலத்தில் வாங்குவதே புத்திசாலித்தனம். புறப்படும் நாளன்று அவசரத்தில் வாங்கக் கூடாது.

இரண்டாவது அடையாளம், கற்றுக் கொடுப்பது. புத்தகத்தை நீட்டுவது கற்றுக் கொடுப்பது ஆகாது. ஸ்ராங்கு எனப்படும் படகோட்டியைப் பக்கத்தில் நிறுத்தி, அவர் கையாலேயே பொத்தானை அழுத்தச் செய்ய வேண்டும்.

ஒரு சிறு உதாரணம். ஓர் இடத்தின் அட்சரேகையை 9 பாகை 56 நிமிடம் 30 வினாடி என்று ஒருவர் சொல்கிறார். மீன்பிடிக் கருவிகள் பெரும்பாலும் வினாடியைக் காட்டுவதில்லை. நிமிடத்தின் தசமத்தைக் காட்டும். 30 வினாடி என்பது அரை நிமிடம். ஆகவே 56.500 என்று பதிய வேண்டும். 56.300 என்று பதிந்தால் 0.2 நிமிடம் தவறு. அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர். ஆக, சுமார் 370 மீட்டர் இடம் மாறிவிடும். பாறைக்குப் பக்கத்தில் வலை விடுகிறவனுக்கு இந்தத் தூரம் போதும், வலை போய்விடும். இதைச் சொல்லித் தர ஐந்து நிமிடம் ஆகாது. சொல்லித் தருகிறவர்தான் குறைவு.

மூன்றாவது, நாணயம். மீன் கிடக்கும் இடங்கள் எல்லாம் கருவியின் நினைவில் இருக்கின்றன. தகப்பன் மகனுக்கு மட்டும் சொன்ன இடங்களும் அதில் உண்டு. பழுது பார்க்கும்போது அழித்துவிட்டால் பல வருட உழைப்பு போயிற்று. மேற்சொன்ன மெக்கானிக், கருவியில் கை வைக்கும் முன் எல்லா இடங்களையும் நோட்டில் எழுதி எடுத்துக்கொள்ளச் சொன்னார். எழுதி முடியும் வரை திரையைப் பார்க்காமல் படகின் மறுபக்கம் போய் நின்றுகொண்டார்.

பழைய கருவி விற்பவர் சொல்ல வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. ஜி.பி.எஸ். வாரக் கணக்கு 1024 வாரத்துக்கு ஒரு முறை மறுபடி பூஜ்யத்தில் தொடங்குகிறது. 2019 ஏப்ரலில் அப்படி நேர்ந்தபோது சில பழைய கருவிகள் தேதியைத் தப்பாகக் காட்டத் தொடங்கின. வாங்குமுன் தேதியைப் பார்ப்பது நல்லது.

இல்லாததைச் சொல்லக் கூடாது

எல்லாவற்றுக்கும் மேலானது, கருவியால் எது முடியாது என்பதைச் சொல்வது. வி.எச்.எஃப். வயர்லெஸ் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. கடலின் வளைவு அதை மறைத்துவிடும். இரண்டு படகிலும் ஏரியல் 5 மீட்டர் உயரத்தில் இருந்தால் சுமார் 10 கடல் மைல் வரை பேசலாம். ஏரியல் உயர்ந்தால் தூரம் கூடும். "நூறு மைல் பேசும்" என்று சொல்லி விற்பவர் பொருளை விற்கவில்லை, பொய்யை விற்கிறார்.

இந்தப் பொய்யின் விலை என்ன என்பது எட்டுக் கிராமங்களுக்கும் தெரியும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் உருவானபோது, பல படகுகள் எச்சரிக்கைக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டிருந்தன. கரையிலிருந்து கூப்பிட்ட குரல் அங்கே எட்டவில்லை. தமிழகத்தையும் கேரளத்தையும் சேர்ந்த நூற்றுக்கணக்கான மீனவர்கள் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள்.

தொலைதூரத்துக்குச் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிதான் வேண்டும். ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் அத்தகைய டிரான்ஸ்பாண்டர் கருவி பொருத்தும் மத்திய அரசின் திட்டம் 2024 ஆகஸ்டில் பால்கரில் தொடங்கி வைக்கப்பட்டது. "இந்த வயர்லெஸ் போதாது, மீன்வளத் துறையில் போய்க் கேளுங்கள்" என்று சொல்லும் கடைக்காரருக்கு அன்று ஒரு விற்பனை நஷ்டம். பதினொரு குடும்பத்துக்கு அது லாபம்.

பில் கைக்கு வரட்டும்

வரி போட்ட பில், அதில் கருவியின் வரிசை எண், தேதியும் முத்திரையும் உள்ள உத்தரவாத அட்டை ஆகிய மூன்றும் இல்லாமல் பணம் கொடுக்கக் கூடாது. அவற்றைப் படகில் வைத்து நனைக்காமல் வீட்டில் வைக்க வேண்டும்.

வெளி மாநிலத்தில் வாங்கிய பொருளுக்கு எங்கே போய் முறையிடுவது என்று பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். கொச்சியில் வாங்கியதற்கு நாகர்கோவிலில் முறையிடலாம். இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். வியாபாரத்துக்கு வாங்கிய பொருள் இச்சட்டத்தில் வராது என்றாலும், சொந்த உழைப்பால் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கியவருக்கு விலக்கு உண்டு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் சொல்லலாம். எதற்கும் பில் வேண்டும்.

வயர் மாற்றிய அன்று மாலை, மெக்கானிக் இறங்கும் முன் படகை ஒரு சுற்று ஓட்டச் சொன்னார். என்ஜினை மூன்று தடவை அணைத்துக் கிளப்பச் சொன்னார். திரை அணையவில்லை. தம் தொலைபேசி எண்ணை, கருவிக்கு மேலே பலகையில் பெயிண்டால் எழுதிவிட்டுப் போனார். அடுத்த பயணத்துக்கு ஐஸ் ஏற்றும் முன்பே, அதே வரிசையில் நின்ற வேறு மூன்று படகுக்காரர்கள் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டார்கள்.