சளி பிடித்தவர் சற்றுத் தள்ளி நிற்கவும்!

ஆபீஸில் ஐந்து பேர். ஒரு வேன். இரண்டு நாள் லீவு. வால்பாறைக்குக் கிளம்பிவிட்டோம்.

ஆழியாரிலிருந்து மேலே ஏற நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு ஒரு தும்மல் வீதம் நான் கணக்குத் தவறாமல் போட்டுக்கொண்டு வந்தேன். கிளம்பும்போதே எனக்கு ஜலதோஷம். ‘மலைக்காத்து பட்டா எல்லாம் சரியாயிடும்டா’ என்று சொல்லி, மாடம்பாக்கத்தில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தவனைக் குண்டுக்கட்டாகத் தூக்கி வந்தது நண்பர் குழாம்.

வால்பாறை ஊரை ஒட்டி புதுத்தோட்டம். ரோட்டோர மரத்தில் கறுப்பாக ஏதோ அசைந்தது. பார்த்தால் சோலைமந்தி! சிங்கவால் குரங்கு என்றும் சொல்வார்கள். கரிய உடம்பு, முகத்தைச் சுற்றி சாம்பல் வெள்ளையில் பிடரி, வால் நுனியில் குஞ்சம். தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூன்று மாநிலங்களின் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் இது கிடையாது.

என் கையில் பாதி கடித்த பன். ஜன்னல் வழியாக நீட்டினேன். அவ்வளவுதான், பின்னாலிருந்து ஒரு குரல்.

“தம்பி! கையை உள்ளே இழுங்க!”

குரங்குகள் ரோட்டைக் கடக்கும்போது வண்டிகளை நிதானப்படுத்தும் காவலர் அவர். உள்ளூர்க்காரர்.

“ஒரு பன்தானே அண்ணே? பாவம், பசிக்குது போல...”

“அதுக்குப் பசிச்சா காட்டுல பலாப்பழம் இருக்கு. முதல்ல உங்க மூக்கைத் துடைங்க தம்பி. அந்தச் சளி அதுக்கு ஒட்டிக்கிட்டா எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடறது?”

வேனே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மனுஷ சளி குரங்குக்கு ஒட்டுமா என்ன?

ஊர் திரும்பியதும் இதே யோசனை. பதில் நம் வீட்டுப் பக்கத்திலேயே இருந்தது. மாடம்பாக்கத்திலிருந்து பைக்கில் அரைமணியில் வண்டலூர் உயிரியல் பூங்கா. 2021-ல், கொரோனா இரண்டாவது அலையில் அங்குள்ள சிங்கங்களுக்கு இருமல் வந்தது. மாதிரிகள் போபாலில் இருக்கும் ஆய்வகத்துக்குப் போயின. கொரோனா உறுதியானது. ஜூன் 3-ம் தேதி நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது. அடுத்த இரண்டு வாரத்தில் ஓர் ஆண் சிங்கமும் போய்விட்டது. பரிசோதித்ததில், ஊரில் மனிதர்களை வாட்டிய அதே டெல்டா வகைக் கிருமி! பார்வையாளர்களுக்குக் கதவடைத்திருந்த நேரம் அது. சிங்கம் சந்தைக்குப் போய் வாங்கி வந்திருக்க வாய்ப்பில்லையே!

சிங்கத்துக்கே அப்படி என்றால், நமக்கு நெருங்கிய சொந்தக்காரர்களின் கதி? அதே 2021 ஜனவரியில் அமெரிக்காவில் சான் டியாகோ சஃபாரி பூங்காவின் கொரில்லாக்களுக்குக் கொரோனா வந்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டன. கொரில்லாவின் மரபணுவில் சுமார் 98 சதவீதம் நம்முடையதைப் போலவே இருக்கிறது. நமக்கு இரண்டு நாள் தும்மலோடு போகிற சளி, அதற்கு உயிருக்கே உலையாகலாம்.

ஆப்பிரிக்காவில் உகாண்டா, ருவாண்டா, காங்கோ மலைகளில் வாழும் மலை கொரில்லாக்கள் 2019-ல் வெளியான கணக்குப்படி மொத்தம் 1,063. நம்மூர்க் கல்யாணம் ஒன்றில் பந்திக்கு உட்காருகிற கூட்டம்கூட இதைவிட அதிகம்! அதனால் அங்கே சட்டம் கடுமை. பார்க்கப் போகிறவர்கள் ஒரு குழுவுக்கு எட்டுப் பேர். ஒரு மணி நேரம்தான். முன்பு ஏழு மீட்டர் தள்ளி நிற்கவேண்டும். கொரோனாவுக்குப் பிறகு பத்து மீட்டர், முகத்தில் மாஸ்க். ஜலதோஷம் என்றால் ‘போயிட்டு வாங்க சார்’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். (இந்தச் சட்டத்தை நம் ஆபீஸிலும் கொண்டு வந்தால் நன்றாயிருக்கும்!)

இந்த ஜாக்கிரதை சும்மா வரவில்லை. 1996-ல் உகாண்டாவின் பிவிண்டி காட்டில் ஒரு கொரில்லாக் குடும்பத்துக்குச் சொறி சிரங்கு. ரோமம் கொட்டி, ஒரு குட்டி இறந்தே போனது. மற்றவற்றை மருந்து போட்டுக் காப்பாற்றினார் கிளாடிஸ் கலேமா ஸிகுசோகா என்ற இளம் பெண் கால்நடை டாக்டர். சிரங்கு எங்கிருந்து வந்தது? காட்டோரக் கொல்லைகளில் சோளக்கொல்லை பொம்மைக்கு மாட்டிய பழைய துணிகளிலிருந்து வந்திருக்கும் என்பது அவர்கள் கணிப்பு. துணிக்காரருக்குச் சிரங்கு. அவருக்குச் சோப்பும் மருந்தும் எட்டாத வறுமை.

டாக்டரம்மாவுக்கு அங்கேதான் பொறி தட்டியது. கொரில்லா நன்றாயிருக்க வேண்டுமானால், பக்கத்து வீட்டு மனுஷன் நன்றாயிருக்க வேண்டும்! 2003-ல் ஓர் அமைப்பு ஆரம்பித்தார். கிராமத்து ஆட்களே தொண்டர்கள். வீடு வீடாகப் போய்ச் சுத்தம், காசநோய், குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேசுகிறார்கள். தோட்டத்துக்குள் வந்துவிட்ட கொரில்லாவை அடிக்காமல் காட்டுக்குத் திருப்பி ஓட்ட இன்னொரு தொண்டர் படை. கொரில்லா படுத்து எழுந்துபோன இடத்தில் சாணத்தைச் சேகரித்து ஆய்வகத்தில் பரிசோதிக்கிறார்கள். ஊசி போடாமல், தொடாமல், மாஸ்டர் ஹெல்த் செக்கப்!

ஆனால் வெறும் வயிறு எதையும் கேட்காது. 2020-ல் கொரோனாவால் சுற்றுலா நின்றது, வருமானம் நின்றது. அந்த ஜூனில் ரஃபிகி என்ற பேர்பெற்ற ஆண் கொரில்லா வேட்டைக்காரனின் ஈட்டிக்குப் பலியானது. குற்றவாளிக்குப் பதினொரு வருட சிறை. ஜெயில் இருக்கட்டும், ஊரார் வீட்டில் அடுப்பு எரிவதும் காட்டுக்குக் காவல்தான்.

நம் நாட்டிலும் கிராமத்தான் கண்தான் முதல் ஸ்டெதாஸ்கோப். 1957-ல் கர்நாடகாவின் ஷிமோகா பக்கம் கியாசனூர் காட்டில் குரங்குகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. மனிதர்களுக்கும் காய்ச்சல். உண்ணி கடித்துப் பரவும் ‘குரங்குக் காய்ச்சல்’ அது. காட்டில் ஒரு குரங்கு செத்துக் கிடந்தால் உடனே சுகாதாரத் துறைக்குத் தகவல் சொல்லவேண்டும் என்பது இன்றைக்கும் அந்தப் பக்கத்து எச்சரிக்கை மணி. அங்கே குரங்கு சாவது, அடுத்து நம் முறை என்று அர்த்தம்.

வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டுதுண்டாகக் காடு. மரத்தை விட்டு இறங்காத ஜாதி, வேறு வழியில்லாமல் ரோட்டில் இறங்கி வண்டிகளில் அடிபட்டது. மைசூரைச் சேர்ந்த நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற அமைப்பும் வனத்துறையும் சேர்ந்து மரத்துக்கு மரம் பாலம் கட்டின. உள்ளூர் ஆட்களையே காவலுக்கு நிறுத்தின. என்னை அதட்டியவர் அவர்களில் ஒருவர். இப்போது நினைத்தால், அது அதட்டல் இல்லை, வைத்தியம்.

சென்ற மாதம் அக்கா பையனோடு வண்டலூர் போனேன். குரங்குக் கூண்டருகே கையில் பாப்கார்னோடு நின்றான்.

“மாமா, ஒண்ணே ஒண்ணு போடட்டுமா?”

மேலே எழுதியதையெல்லாம் அவனுக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். பாப்கார்னைத் தன் வாயில் போட்டுக்கொண்டான். பிறகு என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான்.

“நீயும் தள்ளி நில்லு மாமா. காலையில நீதானே தும்மிக்கிட்டிருந்தே?”

தள்ளி நின்றேன்.