சின்னமுத்தும் எண்களும்

லிந்துலைத் தோட்டமொன்றிற் பிறந்த குழந்தைகள் நூற்றுவர் எனவும், அவருள் 95 பேருக்குச் சின்னமுத்துத் தடுப்பூசி இடப்பட்டது எனவும் கொள்க. எஞ்சிய ஐவரால் யாது தீங்கு விளையும் என வினவுதல் இயல்பே. கணிதம் தரும் விடை வேறு.

1927ஆம் ஆண்டில் கெர்மாக், மக்கெண்ட்றிக் என்னும் எடின்பரோ அறிஞரிருவர் நோய்ப் பரவலைச் சமன்பாடுகளில் அமைத்தனர். (இவருள் கெர்மாக், ஆய்வுகூட விபத்தொன்றிற் பார்வை இழந்தவர்.) நோய்க்கு ஆளாகக்கூடியோர் தொகை ஓர் எல்லைக்குக் கீழ் இறங்கினாலன்றிக் கொள்ளைநோய் ஓயாது என்பது அவர்தம் முடிபு. எதிர்ப்புச் சத்தி அற்ற சமுதாயத்திற் சின்னமுத்து நோயாளர் ஒருவர் 12 முதல் 18 பேருக்கு நோயைத் தொற்றவைப்பர். பதினைவர் எனக் கொள்ளின், நூற்றுக்கு 93 பேருக்கு மேல் காப்புடையராதல் வேண்டும்.

ஊசி இடப்பட்டோர் அனைவரும் காப்புடையராகார். ஒன்பதாம் மாதத்தில் இடப்படும் ஊசி நூற்றுக்கு ஏறக்குறைய 85 பேரிடமே பலிக்கும். எனவே 95 பேருள் காப்புப் பெற்றோர் 81 பேர். எஞ்சுவோர் ஐவரல்லர், பத்தொன்பதின்மர். ஆண்டுதோறும் இவ்வாறு எஞ்சுவோர், நோய் வாராதவரை, ஐந்தாண்டில் 95 பேராவர். ஓராண்டிற் பிறந்தோர் ஊசியே பெறாதிருந்தமைக்கு இஃது ஏறத்தாழ ஒப்பாகும். நோய் அடங்கியதாகத் தோன்றும் காலமே விறகு சேரும் காலம். இலங்கையில் 1984இல் இவ்வூசி புகுத்தப்பட்டது. 1999, 2000ஆம் ஆண்டுகளில் நோய் பெரிதாகப் பரவியபோது பதின்ம வயதினரும் இளைஞரும் பலர் பாதிக்கப்பட்டனர். 2001இல் மூன்றாம் வயதுக்கு இரண்டாம் ஊசி வகுக்கப்பட்டது.

வயதை மாற்றுதலும் எளிதன்று. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சத்தி குறைந்தபின் ஊசி நன்கு பலிக்கும். ஆயின் காத்திருக்குங் காலத்திற் குழந்தை காப்பற்றதாகும். 2011இல் முதலூசி பன்னிரண்டாம் மாதத்துக்குத் தள்ளப்பட்டது. 2013இற் பரவிய நோய் ஒரு வயது நிரம்பாதாரைப் பெரிதும் தாக்கவே, 2015இல் அது மீண்டும் ஒன்பதாம் மாதத்துக்குக் கொணரப்பட்டது.

இக்கணக்குகள் யாவும் மக்கள் சீராகக் கலந்து வாழ்வதாகக் கொள்வன. தோட்டத்து வாழ்க்கை அத்தகையதன்று. லயத்திற் சுவரொடு சுவர் ஒட்டிய காம்பராக்கள். தாயர் கொழுந்து பறிக்கச் செல்லுங்கால் கைக்குழந்தைகள் பிள்ளை மடுவத்தில் ஒருங்கே இருப்பர். ஊசி பெறாத ஐவர் ஐந்து லயங்களிற் சிதறியிருப்பின் நோய் இடையிலேயே அறுபடக்கூடும். ஒரே லயத்தினராயின் ஐவரும் நோயுறுதல் எளிது. இருவகையிலும் ஏட்டில் எழுதப்படுவது 95 என்னும் எண்ணே. ஆதலின், ஊசிக் கணக்கைத் தோட்டவாரியாக அன்றி லயவாரியாக எடுத்தல் வேண்டும்.