லூப்பஸ் இருந்தால் குழந்தை பெற முடியாதா?

டெஸ்ட் கிட்டில் இரண்டு கோடு விழுந்ததும், லூப்பஸ் உள்ள சில பெண்கள் முதலில் செய்வது மாத்திரையை நிறுத்துவதுதான். வீட்டிலும் அதையே சொல்வார்கள்: "வயித்துல பிள்ள இருக்கு, மருந்து வேணாம்மா." சொல்வது அக்கறையில்தான். ஆனா, அது தாயையும் குழந்தையையும் ஆபத்தில் தள்ளலாம்.

உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குவதைத் தன்னுடல் தாக்கு நோய் என்கிறோம். அதில் ஒன்றுதான் லூப்பஸ். இந்நோய் உள்ள 10 பேரில் சுமார் 9 பேர் பெண்கள். பெரும்பாலும் 15 முதல் 45 வயதுக்குள் வரும். கல்யாணப் பேச்சு நடக்கிற அதே வயசு. மூட்டு வலி, தீராத களைப்பு, முடி கொட்டுவது, வெயில் பட்டால் கன்னத்தில் சிவப்பு ஆகியவை அறிகுறிகள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறிவிட்டு வந்தபின் முகம் சிவந்தால், 'வெயில்தானே' என்று விட்டுவிடத் தோன்றும்.

லூப்பஸ் இருந்தாலும் தாயாகலாம். எப்போது என்பதுதான் முக்கியம். நோய் குறைந்தது 6 மாதம் அடங்கியிருக்க வேண்டும், குறிப்பாகச் சிறுநீரகத்தில். தீவிரமாக இருக்கும்போது கருத்தரித்தால் கருச்சிதைவு, குறைப்பிரசவம், இரத்த அழுத்தம் எகிறுவது எல்லாம் கூடும்.

மருந்துகளும் ஒரே மாதிரி இல்லை. ஹைட்ராக்சிகுளோரோகுயினை கர்ப்பத்திலும் தொடரவே மருத்துவர்கள் சொல்வார்கள். நிறுத்தினால் நோய் திரும்பத் தலைதூக்கலாம். மைக்கோபினோலேட், மெத்தோட்ரெக்சேட் இரண்டும் கருவைப் பாதிக்கும். அவற்றைக் கருத்தரிப்பதற்குப் பல வாரங்கள் முன்பே மாற்ற வேண்டும். அதனால், இரண்டு கோடு பார்த்த பிறகு டாக்டரிடம் ஓடுவது கொஞ்சம் லேட்.

இரண்டு இரத்தப் பரிசோதனைகளைக் கேட்டு வாங்குங்க. ஒன்று ஆன்டி-ரோ. இது இருந்தால், 100 குழந்தைகளில் சுமார் 2 பேருக்கு இதயத்துடிப்பு மந்தமாகும் வாய்ப்பு உண்டு, ஸ்கேனில் கண்காணிப்பார்கள். மற்றொன்று ஆன்டிபாஸ்போலிப்பிட். இது இரத்தத்தை உறையவைத்து, திரும்பத் திரும்பக் கருவைக் கலைக்கும். ஆஸ்பிரினும் ஹெப்பரின் ஊசியும் கொடுத்து இதைச் சமாளிக்கலாம். 'ராசியில்லாதவள்' என்று பேச்சு வாங்கிய எத்தனை பேருக்கு இந்தப் பரிசோதனை நடந்திருக்கும்?

பினாங்கில் இருந்தால் எங்கே தொடங்குவது? அரசாங்கக் கிளினிக்கில் கர்ப்பத்துக்கு முந்தைய ஆலோசனை இருக்கிறது. "பிள்ளை பெத்துக்க யோசிக்கிறேன், எனக்கு லூப்பஸ் இருக்கு" என்று நேரடியாகச் சொல்லி, ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பினாங்கு மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். மூட்டு நோய் நிபுணரும் மகப்பேறு நிபுணரும் சேர்ந்து பார்ப்பதுதான் நல்லது. கர்ப்பமான பிறகு உங்கள் புத்தகத்தில் மஞ்சள் அல்லது சிவப்பு வில்லை ஒட்டினால் பயப்படாதீங்க. தாதி மட்டும் பார்த்தால் போதாது, மருத்துவமனை கவனிப்பு வேண்டும் என்பதே அதன் அர்த்தம்.

பிரசவத்துக்குப் பிறகும் நோய் கிளம்பலாம். பத்திய காலத்தில் வீட்டு மருந்து கொடுப்பார்கள். அதற்காக மாத்திரையை விட்டுடாதீங்க. ஹைட்ராக்சிகுளோரோகுயின் எடுத்துக்கொண்டே தாய்ப்பால் கொடுக்கலாம்.