கால்பந்துக் கழகத்தின் உடைமையும் ரசிகரின் உரிமையும்: இந்தியக் கழகங்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஒரு கால்பந்துக் கழகம் யாருக்குச் சொந்தம் என்னும் வினாவை ரசிகர்கள் தொடர்ந்து எழுப்பி வருகின்றனர். இந்தியச் சூழலில் கழகத்தின் பெயர், அதன் நிதி, அது ஆடும் மைதானம் ஆகிய மூன்றும் பெரும்பாலும் வெவ்வேறு தரப்பினரிடம் உள்ளன. இம்மூன்றையும் ஒன்றாகக் கருதுவதால் ரசிகர் விவாதங்கள் தெளிவிழக்கின்றன. கொல்கத்தாவின் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய கழகங்களையும் தமிழகத்தின் சென்னையின் எஃப்.சி., சென்னை சிட்டி எஃப்.சி. ஆகியவற்றையும் சான்றாகக் கொண்டு இவ்வேறுபாட்டை இக்கட்டுரை விளக்குகிறது. விளையாட்டரங்குகள் பொதுச்சொத்தாக இருப்பதே இந்திய ரசிகருக்குச் சட்டவழியில் கேள்வி கேட்க வாய்த்துள்ள வலுவான இடம் என்பதை இது நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கால்பந்துக் கழகம், உடைமை, உரிமை, ரசிகர், விளையாட்டரங்கம், மண்டகப்படி.

முன்னுரை

தமிழில் உடைமை, உரிமை ஆகிய இரு சொற்களும் நெருங்கியவை; எனினும் ஒன்றல்ல. ஒரு பொருளைத் தன்னதாகக் கொண்டிருத்தல் உடைமை. தன்னதல்லாத ஒன்றிலும் ஒருவருக்கு இருக்கக்கூடிய பாத்தியதை உரிமை. தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலின் ஆடித்தபசு போன்ற திருவிழாக்களில் இவ்வேறுபாட்டைக் கண்கூடாகக் காணலாம். திருவிழாவின் ஒவ்வொரு நாளையும் ஒவ்வொரு தரப்பார் பொறுப்பேற்று நடத்தும் மண்டகப்படி முறை தென்மாவட்டக் கோயில்களின் வழக்கம். மண்டகப்படிதாரர் கோயிலுக்கு உடைமையாளர் அல்லர். கோயில் நிலத்தை விற்கவோ நிர்வாகியை நியமிக்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை. ஆயினும் அந்நாளில் அவருக்குரிய இடத்தை எவரும் எளிதில் மறுத்துவிட முடியாது. தலைமுறைகளாகத் தொடரும் பங்களிப்பே அந்த உரிமைக்கு அடிப்படை.

கால்பந்து ரசிகர் தம் கழகத்தை ‘நம் கழகம்’ என்று அழைக்கும்போது இத்தகைய உரிமையையே கோருகிறார். ஆனால் இந்தியச் சட்டத்தின் பார்வையில் அவர் நுழைவுச்சீட்டு வாங்கிய நுகர்வோர் மட்டுமே. இந்த இடைவெளியிலிருந்தே கழக உடைமை பற்றிய விவாதங்கள் பிறக்கின்றன.

1. பெயர் யாருக்குச் சொந்தம்?

1889இல் தோன்றிய மோகன் பகான், 1911 ஜூலை 29 அன்று கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவு அணியை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. அவ்வெற்றி வங்காளத்தில் தேசிய நினைவாகவே போற்றப்படுகிறது. இத்தகைய கழகம் 2020இல் இந்தியன் சூப்பர் லீக்கில் நுழைந்தபோது ஆர்.பி.சஞ்சீவ் கோயங்கா குழுமம் 80 விழுக்காட்டுப் பங்கைப் பெற்றது; பழைய கழகத்திடம் 20 விழுக்காடு எஞ்சியது. அக்குழுமம் ஏற்கெனவே நடத்திவந்த ஏ.டி.கே. அணியின் பெயர் முன்னொட்டாகச் சேர்க்கப்பட்டு, அணி ‘ஏ.டி.கே. மோகன் பகான்’ ஆயிற்று.

ரசிகர்களில் ஒரு பெரும்பிரிவினர் அம்மூன்றெழுத்தை நீக்கக் கோரி இயக்கம் நடத்தினர். முதலீடு தேவையில்லை என்பது அவர்களின் வாதமன்று. பணம் தருபவர் நிர்வாகத்தைப் பெறலாம்; நூறாண்டு கடந்த பெயரைத் திருத்தும் தகுதி அதனால் அவருக்கு வந்துவிடாது என்பதே அவர்கள் நிலை. 2023 மார்ச் 18 அன்று அணி லீக் கோப்பையை வென்ற இரவில், முன்னொட்டு நீக்கப்படும் எனச் சஞ்சீவ் கோயங்கா அறிவித்தார். அவ்வாண்டு ஜூன் முதல் கழகம் ‘மோகன் பகான் சூப்பர் ஜயண்ட்’ எனப்படுகிறது. ரசிகர் கோரிக்கை வென்றது. எனினும் உடைமையாளரின் அடையாளம் பின்னொட்டாக இடம்பிடித்தது. பங்கு விகிதத்தில் மாற்றம் ஏதுமின்றியே பெயர் மாறியது என்பது இங்குக் கருதத்தக்கது. பெயர் பற்றிய விவாதத்தை ரசிகர் அறநிலையில் வெல்ல முடியும். அவ்வெற்றி பங்கு உடைமையைத் தொடுவதில்லை.

2. ஒப்பந்தம் யார் கையில்?

1920இல் தொடங்கப்பட்ட ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் சிக்கல் வேறு வகையானது. 2020இல் ஸ்ரீ சிமென்ட் நிறுவனம் முதலீட்டாளராக வந்தது. தொடக்கநிலை உடன்பாடு கையெழுத்தாகியும் இறுதி ஒப்பந்தத்தில் கழக நிர்வாகிகள் கையெழுத்திட மறுத்தனர். அதன் நிபந்தனைகள் கழகத்தின் உரிமைகளை நிலையாகப் பறித்துவிடும் என்பது அவர்கள் கூறிய காரணம்.

2021 ஜூலை 21 அன்று கழக வளாகத்தின் முன் ரசிகர்கள் திரண்டனர். அவர்கள் ஒரே குரலில் பேசவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு அணியைக் காப்பாற்றுக என்று ஒரு சாரார் கோரினர். நிர்வாகிகளின் மறுப்பை மற்றொரு சாரார் ஆதரித்தனர். மோதல் மூண்டது, காவல்துறை தடியடி நடத்தியது. பின்னர் மாநில முதலமைச்சர் மம்தா பானர்ஜியின் தலையீட்டால் அவ்வாண்டுப் பருவம் மட்டும் காப்பாற்றப்பட்டது. 2022இல் ஸ்ரீ சிமென்ட் விலக, எமாமி குழுமம் வந்தது.

இரு சாராரும் விவாதித்த ஒப்பந்தத்தில் ரசிகர் ஒரு தரப்பே அல்லர் என்பது இந்நிகழ்வின் முரண். பழைய நிர்வாகிகள் மரபின் பெயரால் பேசினர். முதலீட்டாளர் நிதியின் பெயரால் பேசினார். ரசிகருக்காகப் பேசுவதாக இருவரும் கூறினர். கழகத்தின் மரபுவழி நிர்வாகம் என்பதும் ரசிகர் சமூகம் என்பதும் ஒன்றல்ல என்னும் தெளிவு இவ்விடத்தில் இன்றியமையாதது.

3. நிதி: இழப்பைச் சுமப்பவர் யார்?

ஒரு கழகத்தின் வருவாய் விளம்பர ஆதரவு, நுழைவுச்சீட்டு, லீக்கின் பொது வருவாயில் பங்கு, வீரர் மாற்றுத்தொகை ஆகியவற்றிலிருந்து வருகிறது. வீரர் ஊதியமும் பயணமும் அரங்கச் செலவும் இவ்வருவாயை மிஞ்சும்போது பற்றாக்குறையை உடைமையாளர் ஈடுசெய்கிறார். ஆகவே, ‘உடைமையாளர் செலவழிக்கவில்லை’ என்னும் ரசிகரின் குற்றச்சாட்டும் ‘இழப்பைச் சுமப்பவர் அவரே’ என்னும் மறுமொழியும் ஒருசேர உண்மையாக இருக்கக்கூடும்.

இவ்விவாதத்தில் பெரிதும் கவனிக்கப்படாத வினா ஒன்று உண்டு: உடைமையாளர் தரும் பணம் பங்கு மூலதனமா, கடனா? மூலதனமாயின் இழப்பு அவரோடு நிற்கும். கடனாயின் கழகம் அவருக்கே கடனாளியாகிறது. அவர் விலகும் நாளில் அக்கடன் பேரத்தின் கருவியாகும். 2005இல் கிளேசர் குடும்பம் மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தை வாங்கியபோது, வாங்குவதற்குப் பெற்ற கடனின் பெரும்பகுதி கழகத்தின் மீதே சுமத்தப்பட்டது. அதை எதிர்த்த ரசிகர்கள் அதே ஆண்டில் எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்னும் புதிய கழகத்தைத் தாமே தொடங்கினர்.

இந்தியாவில் நிதிச்சிக்கல் தனிக் கழகத்தையும் கடந்தது. அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2010இல் தன் வணிக உரிமைகளை 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய்க்கு வழங்கிய ஒப்பந்தமே பின்னாளில் லீக்கின் அடித்தளமாயிற்று. 2025 டிசம்பரில் அது முடிவுறவிருந்த நிலையில், புதுப்பித்தல் உறுதியாகாததால் 2025 ஜூலையில் லீக் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்தியது. 2015, 2018 ஆகிய ஆண்டுகளில் கோப்பை வென்ற கழகம் அது. புதிய வணிகப் பங்காளரைத் தேடிக் கூட்டமைப்பு விடுத்த ஒப்பந்தப்புள்ளிக்கு எவரும் முன்வரவில்லை. இறுதியில், 2026 பிப்ரவரி 14 அன்று பருவம் தொடங்கும் என ஒன்றிய விளையாட்டுத்துறை அமைச்சர் அறிவித்தார்.

அபிஷேக் பச்சன், விட்டா தானி, மகேந்திர சிங் தோனி ஆகியோரின் உடைமையில் விளங்கும் ஒரு கழகமே அரை ஆண்டுக்காலம் உறைந்துபோக நேர்ந்தது. உடைமையாளர் நல்லவரா, தீயவரா என்னும் விவாதம் மட்டும் போதாது என்பதை இது காட்டுகிறது. கழகத்தின் வாழ்வு, கழகத்திற்கு வெளியே கையெழுத்தாகும் ஒப்பந்தத்தைச் சார்ந்திருக்கிறது.

4. மைதானம்: பொதுச்சொத்தின் பொருள்

மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் தம் வளாகங்களை அமைத்துள்ள கொல்கத்தா மைதான் நிலம் இராணுவத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. அவை பெரும்போட்டிகளை ஆடும் சால்ட் லேக் விளையாட்டரங்கம் மாநில அரசுக்குரியது. கேரளா பிளாஸ்டர்ஸ் ஆடிவந்த கொச்சி கலூர் அரங்கம் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையத்தின் சொத்து. சென்னையின் எஃப்.சி.யின் ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பொறுப்பில் உள்ளது. வாடகைதாரராக இருப்பதே இந்தியக் கழகங்களின் பொதுநிலை.

இதனால் இரு விளைவுகள் உண்டு. முதலாவது, கழகம் ஊரோடு பிணைக்கப்படவில்லை. சென்னை சிட்டி எஃப்.சி. பெயரில் சென்னையைத் தாங்கியபடி கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில் ஆடி 2018–19 ஐ-லீக் பட்டத்தை வென்றது. சுவிட்சர்லாந்தின் பாசெல் கழகம் அதில் 26 விழுக்காட்டுப் பங்கு வாங்கியது. ஆயினும் 2021–22 பருவத்தில் ஐ-லீக்கில் அதற்கு இடமில்லை. பட்டமும் அயல்நாட்டு முதலீடும் இருந்தும் மூன்றே ஆண்டுகளில் இந்நிலை நேர்ந்தது. கழகம் மறைந்தாலும் கோயம்புத்தூர் அரங்கம் நிலைத்தது. அங்குக் கூடிய ரசிகர்களுக்குத்தான் அணி இல்லாமற்போயிற்று.

இரண்டாவது விளைவு ரசிகருக்குச் சாதகமானது. அரங்கம் தனியார் உடைமையாக இல்லாததால் கடனுக்கு ஈடாக அதைக் கழக உடைமையாளர் விற்றுவிட முடியாது. மேலும், பொது அதிகார அமைப்பின் சொத்தாக இருப்பதால் தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005 அதற்குப் பொருந்தும். வாடகை எவ்வளவு, பராமரிப்புப் பொறுப்பு யாருடையது, கால்பந்தல்லாத நிகழ்ச்சிகளுக்கு எந்த நிபந்தனையில் அரங்கம் தரப்படுகிறது என்பவற்றை எந்தக் குடிமகனும் கேட்கலாம். அர்ஜென்டினா அணியின் வருகையை எதிர்நோக்கி 2025இல் கலூர் அரங்கில் மேற்கொள்ளப்பட்ட புதுப்பிப்புப் பணி கேரளத்தில் பொதுவிவாதமானதற்கும் அது பொதுச்சொத்து என்பதே காரணம்.

கழக நிறுவனத்தின் கணக்கும் முற்றிலும் மறைபொருளன்று. நிறுவனங்கள் சட்டம், 2013இன்படி பதிவாளரிடம் தாக்கல் செய்யப்படும் ஆண்டறிக்கைகளை உரிய கட்டணம் செலுத்திப் பார்வையிடலாம். மேற்கூறிய மூலதனமா, கடனா என்னும் வினாவுக்கு அங்கு விடை காண இயலும்.

5. பிறநாட்டுச் சட்ட வடிவங்கள்

ரசிகர் உரிமைக்குச் சட்டவடிவம் தரும் முயற்சிகள் மூவகைப்படும். முதலாவது, வாக்குரிமை வழி: ஜெர்மனியில் 1998 முதல் நடைமுறையில் உள்ள ‘50+1’ விதிப்படி, சில விலக்குகள் நீங்கலாக, வாக்குகளின் பெரும்பான்மை கழக உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும். இரண்டாவது, நில வழி: செல்சி கழகத்தின் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் அரங்க நிலம் ரசிகர்கள் பங்குதாரராக உள்ள செல்சி பிட்ச் ஓனர்ஸ் அமைப்பிடம் உள்ளது. அதைத் திரும்ப வாங்கக் கழகம் 2011இல் முயன்றபோது தேவையான 75 விழுக்காட்டு ஆதரவு கிட்டவில்லை. மூன்றாவது, கண்காணிப்பு வழி: இங்கிலாந்தின் 2025ஆம் ஆண்டுக் கால்பந்து ஆளுகைச் சட்டம், தாயக அரங்கத்தை விற்பதற்கு முன் தன்னாட்சி ஒழுங்காற்றுநரின் ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது, ரசிகரைக் கலந்தாலோசிக்கவும் பணிக்கிறது. விம்பிள்டன் கழகம் 2003இல் மில்டன் கீன்ஸ் நகருக்குப் பெயர்ந்தது போன்ற கசப்பான அனுபவங்கள் இத்தகைய சட்டத்தின் பின்னணியில் உள்ளன.

முதல் வழிக்கு உறுப்பினர் அமைப்பும் இரண்டாவதற்குக் கழகத்திற்குச் சொந்தமான நிலமும் தேவை. லீக்கிற்காகவே நிறுவனங்களாகத் தோன்றிய இந்தியக் கழகங்கள் பலவற்றில் இவ்விரண்டும் இல்லை. எனவே மூன்றாவது வழியே இங்கு அணுகத்தக்கது. அதற்குத் தனிச்சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அரங்கத்தின் உடைமையாளரான அரசு அமைப்பே, குத்தகை ஒப்பந்தத்தில் ரசிகர் பிரதிநிதித்துவத்தையும் கணக்கு வெளியீட்டையும் நிபந்தனைகளாகச் சேர்க்க முடியும்.

மண்டகப்படி ஒப்புமை இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. வழக்கத்தால் நிலைபெற்ற உரிமை சிலருக்குத் தரப்பட்டுச் சிலருக்கு மறுக்கப்படுவதும் உண்டு. சாதி அடிப்படையிலான விலக்கல் அவ்வழக்கத்தின் வரலாற்றிலும் இடம்பெற்றுள்ளது. ரசிகர் பிரதிநிதித்துவம் ஓசை மிகுந்த ஒரு குழுவின் ஏகபோகமாகிவிடலாகாது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவில், அரங்கிற்கு வர வாய்ப்பின்றித் தொலைக்காட்சி வழியே அணியைப் பின்தொடரும் சங்கரன்கோவில் ரசிகருக்கும் அதில் இடம் வேண்டும். பொது அரங்கின் பராமரிப்பில் அவருடைய வரிப்பணமும் கலந்துள்ளது.

முடிவுரை

பெயர், நிதி, மைதானம் ஆகிய மூன்றும் மூவகை உடைமைகள். பெயரின் மீது ரசிகருக்குள்ளது அறவுரிமை. அது மோகன் பகானில் போராடிப் பெறப்பட்டது. நிதியின் மீது அவருக்கு அதிகாரமில்லை; கணக்கை அறியும் வாய்ப்பு மட்டும் உண்டு. மைதானத்தின் மீதோ அவருக்குக் குடிமகன் என்னும் முறையில் சட்டம் ஏற்கும் நிலைப்பாடு உள்ளது. இந்திய ரசிகர் விவாதங்கள் பெரிதும் உடைமையாளரின் தனிப்பண்பைச் சுற்றியே நிகழ்கின்றன. அவற்றின் கவனம் அரங்கக் குத்தகையின் நிபந்தனைகள் நோக்கித் திரும்புமானால், ‘நம் கழகம்’ என்னும் சொல் உணர்ச்சி என்னும் நிலையைக் கடந்து உரிமையாக வடிவம் பெறும்.