சக்கரத்தில் இறுகிய சென்சார்: இழுக்காதீர்கள், இளக்குங்கள்!



நம்மில் பலர் பழைய கார் ஒன்றை வைத்துக்கொண்டு, பின் சீட்டை மடக்கிக் கடைக்குச் சரக்கும் ஏற்றுகிறோம், குடும்பத்தோடு கோயில் குளத்துக்கும் போகிறோம். அந்தக் காரில் ‘ஏ.பி.எஸ்.’ என்ற மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்தால் என்ன செய்கிறோம்? பிரேக் பிடிக்கிறது, போகட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

நானும் மூன்று மாதம் அப்படித்தான் விட்டேன். ஐப்பசி மழையில் ஒருநாள் இரவு நான்கு மூட்டை சர்க்கரையோடு மகன் ஓட்டி வந்தான். முன்னால் போன லாரி திடீரென்று நிற்க, இவன் பிரேக்கை அழுத்த, சக்கரங்கள் சுழலாமல் நின்று வண்டி வழுக்கிக்கொண்டே போனது. லாரியை இடிக்க ஒரு முழம் இருக்கும்போது நின்றது. மறுநாள் கடை திறக்குமுன் பட்டறைக்குப் போனேன்.

சென்சாரின் வேலை என்ன?

ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் விரல் பருமனில் ஒரு சென்சார் உண்டு. சக்கரத்தோடு சுழலும் பல் வளையத்தையோ காந்த வளையத்தையோ பார்த்து, சக்கரம் எத்தனை வேகத்தில் சுற்றுகிறது என்று பெட்டிக்குச் சொல்வது அதன் வேலை. ஒரு சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று தெரிந்தால், பெட்டி அந்தப் பிரேக்கை நொடிக்குப் பலமுறை தளர்த்திப் பிடிக்கும். 1978இல் போஷ் நிறுவனம் தயாரித்து மெர்சிடிஸ் காரில் வந்த ஏற்பாடு இது. நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்குக் கட்டாயம். ஒரு சென்சார் கெட்டாலும் ஏ.பி.எஸ். தன்னை நிறுத்திக்கொள்ளும். சாதாரண பிரேக் இருக்கும். ஆனால் ஈரச் சாலையில் காப்பாற்ற ஆள் இராது.

ஏன் இறுகுகிறது?

சென்சாரின் உடல் பெரும்பாலும் பிளாஸ்டிக். அது நுழைந்திருக்கும் துளையோ, பல கார்களில் வார்ப்பிரும்பு. மழை நீரும் சேறும் புகுந்து துளைக்குள் துருப் பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அதனால் நான்கு பக்கமும் சென்சாரை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். வெல்லப் பானையில் கரண்டி இறுகிய மாதிரிதான். உப்பு, கருவாடு ஏற்றும் வண்டிகளிலும் கடற்கரை ஊர்களிலும் துரு இன்னும் சீக்கிரம் வரும்.

முதலில் போன பட்டறையில் அவசரப்பட்டார்கள். ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பியதும் காது மட்டும் உடைந்து கையோடு வந்தது. மீதி உள்ளேயே நின்றுவிட்டது. வேறொரு பெரியவர்தான் பொறுமையாக எடுத்துக் கொடுத்தார். பக்கத்தில் நின்று பார்த்ததையும் அவரிடம் கேட்டறிந்ததையும் இங்கே தருகிறேன்.

கழற்றும் முறை

1. கெட்டது சென்சார்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். ஸ்கேனர் வைத்தால் எந்தச் சக்கரம் என்று தெரியும். ஒயர் அறுந்திருக்கலாம், இணைப்பில் அழுக்கு இருக்கலாம், வளையம் விரிசல் விட்டிருக்கலாம். இறுகிய சென்சார் பெரும்பாலும் உயிரோடு வெளியே வராது. ஆகவே நல்லதைக் கழற்றி நஷ்டப்படாதீர்கள். புதியதைக் கையில் வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள்.

2. ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வையுங்கள். சாவியை அணைத்து, ஒயர் இணைப்பைப் பிரியுங்கள்.

3. சுற்றிலும் கம்பி பிரஷ் போட்டுத் துருநீக்கி எண்ணெய் அடியுங்கள். முந்தின நாள் மாலை ஒருமுறை, காலையில் ஒருமுறை அடிப்பது நல்லது. பிரேக் தட்டிலும் பேடிலும் எண்ணெய் படாமல் துணியால் மூடுங்கள்.

4. பிடித்திருக்கும் போல்ட் சிறியது. முரட்டுத்தனம் காட்டினால் தலை முறியும். இம்மி இறுக்கி, பிறகு தளர்த்தி, முன்னும் பின்னுமாகக் கழற்றுங்கள்.

5. இதுதான் முக்கியம்: நெம்பாதீர்கள், முதலில் திருப்புங்கள். காதைப் பக்கவாட்டில் லேசாகத் தட்டினால் சென்சார் ஊசி முனை அளவு அசையும். எண்ணெய் விடுங்கள், மறுபக்கம் தட்டுங்கள். இடமும் வலமும் சுழல ஆரம்பித்த பிறகு, சுழற்றிக்கொண்டே மேலே இழுங்கள்.

6. தீ காட்டவே கூடாது. பிளாஸ்டிக் உருகும், பேரிங்கின் கிரீசும் சீலும் கெடும்.

7. உடைந்துவிட்டால், சில கார்களில் டிஸ்க்கையோ ஆக்சிலையோ கழற்றி உள்பக்கமிருந்து தள்ளலாம். வழியில்லையென்றால், நடுவில் சிறு துளையிட்டு, ஸ்க்ரூ ஏற்றி, பிளையரால் இழுக்க வேண்டும். டிரில் முனையில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆழம் மீறினால் வளையமும் பேரிங்கும் பாழ்; சிறிய செலவு பெரிய செலவாகிவிடும்.

புதியதைப் பொருத்தும்போது

பலர் கோட்டை விடுவது இங்கேதான். துளையை உப்புத்தாளால் தேய்த்து, தூளைத் துடைத்து எடுங்கள். காது உட்காரும் இடத்திலும் துரு இருக்கக் கூடாது. சென்சார் முனைக்கும் வளையத்துக்கும் இடைவெளி சுமார் 1 மில்லிமீட்டர்தான். அடியில் துருப் பொருக்கு இருந்தால் சென்சார் தூக்கிக்கொள்ளும். விளக்கு மறுபடி எரியும். துளைச் சுவரில் மட்டும் மெல்லிசாக சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள், முனையில் வேண்டாம். சுத்தியலால் அடித்து இறக்காதீர்கள். கையால் அழுத்தினாலே இறங்க வேண்டும். ஒயரைப் பழைய கிளிப்புகளிலேயே மாட்டி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்பி, எங்கும் இழுக்கவில்லை என்று பாருங்கள். பழுது எண்ணை ஸ்கேனரில் அழித்து, சிறிது தூரம் ஓட்டினால் விளக்கு அணைய வேண்டும்.

இந்த வேலையை நாமே செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. பட்டறையில் நிற்கும்போது, “அண்ணே, முதல்ல எண்ணெய் விட்டு ஊற வையுங்க, நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்” என்று சொல்லத் தெரிந்தால் போதும். ஒரு நாள் வண்டி நிற்பது நஷ்டமில்லை. விளக்கின் மேல் டேப் ஒட்டி மறைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். கல்லாவில் பணம் குறைந்தால் கணக்குப் புத்தகத்தை மூடிவைப்போமா? வண்டியில் போவது சரக்கு மட்டுமல்ல, நம் பிள்ளைகளும்தான்.