சின்ன டிராக்டர் வாங்கப் போகிறீர்களா?

தம்பின் வட்டாரத் தோழர் ஒருவர் சென்ற வாரம் நம்மைத் தேடி வந்தார். தோட்டத்திலேயே பிறந்து, பால் மரம் வெட்டி, பிறகு செம்பனைக்கு மாறி, மண்டோராக ஓய்வு பெற்றவர். கெமெஞ்சே போகிற வழியில் அவருக்கு மூன்று ஏக்கர் சொந்த நிலம் இருக்கிறது. செம்பனையும் ஓரமாகக் கொஞ்சம் டுரியானும் நிற்கின்றன. வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"அண்ணே, சின்ன டிராக்டர் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். ஜப்பான் சாமான், ரீகண்டிஷன். புல்லு வெட்டுற ஸ்லாஷரும் சேர்த்தே தர்றாங்களாம். ஈ.பி.எஃப். காசு கையில இருக்கு. வாங்கிப் போட்டுடவா?"

உடனே ஆமென்றோ இல்லையென்றோ சொல்ல நமக்கு மனம் வரவில்லை. இதே யோசனை ஆயர் கூனிங், ரெப்பா, கெமாஸ் பக்கங்களிலும் பல வீடுகளில் இருக்கக்கூடும். ஆகவே அவரிடம் பேசியதையே இங்கே எல்லாருக்குமாக எழுதுகிறோம்.

ஆசை நியாயமானதுதான். ஒரு காலத்தில் புல்லுக்குப் பாராகுவாட் என்று ஒரே பதில் இருந்தது. முதுகில் பம்பைச் சுமந்து நம் பெண்கள் அடித்த மருந்து அது. நகம் கறுத்து உதிர்ந்ததையும் மூக்கில் இரத்தம் வந்ததையும் அந்த அக்காமார்களைக் கேட்டால் சொல்வார்கள். 2002-இல் அதற்குத் தடை அறிவித்தார்கள். 2006-இல் அந்தத் தடையை நிறுத்தி வைத்தார்கள். 2020 ஜனவரி 1 முதல்தான் உண்மையிலேயே தடை வந்தது. இடையில் போன வருஷங்களுக்கு யார் கணக்குச் சொல்வார்கள்? அது போகட்டும். மருந்து வேண்டாம் என்றால் முதுகில் மாட்டும் மெஷின். அறுபது வயசில் அரை நாள் அதை ஆட்டினால் மறுநாள் எழுந்திருக்க முடியாது. உட்கார்ந்தபடியே வெட்டலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நான்கு அடி அகலமுள்ள ஸ்லாஷரை இருபது குதிரைச் சக்தி டிராக்டரில் மாட்டி, நடை வேகத்துக்குச் சற்றுக் குறைவாக, மணிக்கு 4 கிலோமீட்டர் ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். திரும்புகிற நேரம், மரத்தைச் சுற்றுகிற நேரம் எல்லாம் கழித்தால் மணிக்கு ஏறக்குறைய ஓர் ஏக்கர் ஆகும். மூன்று ஏக்கருக்கு மூன்று மணி நேரம். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை வெட்டினால் வருஷத்துக்கு ஒன்பது தடவை. மொத்தம் 27 மணி நேரம்! மீதி நாளெல்லாம் கொட்டகையில் நின்று பேட்டரி இறங்கும், டயர் வெடிக்கும், எலி வயரைக் கடிக்கும். டிராக்டர் ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவதே அதிகம்.

அதிலும் செம்பனைக் காட்டில் எல்லாப் புல்லையும் வெட்ட வேண்டியதில்லை என்பது நம் தோழருக்கே தெரியும். மரத்தடி வட்டமும் குலை சுமக்கும் பாதையும் சுத்தமாக இருந்தால் போதும். மட்டை அடுக்கிய வரிசையில் டிராக்டர் நுழையாது. மெல்லிய புல்லும் பெரணியும் மண்ணைப் பிடித்து நிற்பவை. அவற்றை மொட்டையடித்தால் மழைக்கு மேல்மண் ஓடிவிடும். பிறகு உரம் வாங்கித்தான் ஈடு கட்ட வேண்டும்.

ஆகவே நாம் சொன்னது இதுதான்: "தம்பி, டிராக்டர் வாங்குங்க. ஆனா தனியா வாங்காதீங்க." பக்கத்து நிலத்துக்காரர் எட்டுப் பேர் சேர்ந்தால் 27 மணி இருநூறைத் தாண்டும். அதோடு தமிழ்ப்பள்ளித் திடல், கோயில் வளாகம், வருஷத்துக்கு இரண்டு தடவை ஆள் தேடி அலைகிற இடுகாடு, எல்லாம் புல் வெட்டும் வேலைதான். டிரெய்லர் மாட்டினால் குலை இழுக்கலாம், உரம் ஏற்றலாம்.

கொங்சி போட்டால் சண்டை வரும் என்று அவர் தலையைச் சொறிந்தார். வரும்தான். ஆனால் நம் சனங்களுக்கு இது புதிதா? ஐம்பதுகளில் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, தொழிலாளர் நடுத்தெருவில் நிற்காதிருக்க 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பால்மரத் தொழிலாளிகளின் பணத்தில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. தோட்டத்தையே கூட்டாக வாங்கியவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு டிராக்டரைக் கூட்டாக வைத்துக்கொள்ளத் தெரியாதா? யார் எத்தனை மணி ஓட்டினார் என்பதற்கு மீட்டர் டிராக்டரிலேயே இருக்கிறது. அதைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி, மணிக்கு இவ்வளவு என்று எண்ணெய்க்கும் ரிப்பேருக்கும் போட்டு வைத்தால் பாதிச் சண்டை தீர்ந்தது.

இனிச் சொல்லப்போவதுதான் காசைவிடப் பெரிய விஷயம். டிராக்டர் கவிழும். தம்பின் மலையடிவாரத்தில் மட்ட நிலம் எவ்வளவு இருக்கிறதென்று எல்லாரும் அறிவோம். சுவீடன் நாட்டில் 1959-லேயே புதிய டிராக்டர் ஒவ்வொன்றிலும் ரோல்பார் என்கிற இரும்பு வளைவு போன்ற கவிழ்வுப் பாதுகாப்பு இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். வண்டி உருண்டாலும் அந்த வளைவு தரையில் முட்டி ஆளுக்கு இடம் விடும். ஜப்பானிலிருந்து வருகிற பழைய வண்டிகள் பலவற்றில் இது கிடையாது. இருந்தாலும், தாழ்ந்த கிளைக்கும் மட்டைக்கும் இடிக்கிறதே என்று நம்மவர்கள் மடக்கி வைத்துவிடுவார்கள். மடக்கி வைத்த கம்பி உயிரைக் காப்பாற்றாது. நிமிர்த்தி வைத்துவிட்டு பெல்ட் போடாமல் உட்கார்ந்தாலும் தூக்கி எறியப்பட்டு அந்தக் கம்பிக்கே அடியில் சிக்குவோம். சரிவில் குறுக்கே ஓட்டாமல் மேலும் கீழுமாக ஓட்டுவதே நல்லது.

இன்னொன்று, பழைய பால்மரக் கட்டையைப் பிடுங்குகிற வேலை. சங்கிலியைப் பின் அச்சுக்கு மேலே எங்காவது மாட்டி இழுத்தால் முன் சக்கரம் தூக்கி, வண்டி அப்படியே ஆள்மேல் மல்லாக்க விழும். அதற்கு ஒன்றரை விநாடி போதும். கிளச்சை மிதிக்கக்கூட நேரம் இருக்காது. இழுப்பதென்றால் கீழே இருக்கும் இழுவைக் கம்பியில் மட்டுமே மாட்ட வேண்டும்.

ஸ்லாஷரைச் சுற்றும் பி.டி.ஓ. தண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது நிமிஷத்துக்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு ஒன்பது. கைலி நுனியோ தோள் துண்டோ பட்டால் விநாடிக்கு ஏழடி துணியைச் சுற்றி இழுத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் மூடி உடைந்திருந்தால் முதல் வேலை அதை மாற்றுவது. ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் பி.டி.ஓ.வுக்கு இரண்டு, மூன்று வேகங்கள் உண்டு. எழுத்தெல்லாம் ஜப்பான் மொழியில் இருக்கும். தெரியாமல் மேல் வேகத்தில் போட்டால் 540-க்குச் செய்த ஸ்லாஷர் கத்தி இரண்டு மடங்கு வேகத்தில்கூடச் சுற்றும். வாங்கிய அன்றே எது 540 என்று மெக்கானிக்கைக் கேட்டு, தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

நம் நிலங்களுக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. பால்மரம் நின்ற மண்ணில் பழைய மங்கும் மங்குக் கம்பியும் இன்னும் புதைந்து கிடக்கின்றன. கத்தி பட்டால் மங்குச் சில்லு தோட்டா மாதிரி பறக்கும். கம்பி தண்டில் சுற்றும். முதல் தடவை நடந்து பார்த்துப் பொறுக்காமல் வண்டியை இறக்க வேண்டாம். வெட்டும்போது பேரப் பிள்ளைகள் அருகில் நிற்கக் கூடாது. "தாத்தா, நானும் ஏறிக்கிறேன்" என்றால் கண்டிப்பாகக் கூடாது. கத்தி எதிலாவது மோதினால் அறுந்துகொள்வதற்கென்றே ஒரு மெலிந்த போல்ட் வைத்திருப்பார்கள். அடிக்கடி அறுகிறதே என்று கெட்டியான போல்ட்டைப் போடுகிற கெட்டிக்காரத்தனம் கியர் பெட்டியை உடைத்துவிடும்.

ரோட்டில் ஏற்றுவதானால் ஜே.பி.ஜே. பதிவும் டிராக்டருக்குரிய லைசென்சும் வேண்டும். கார் லைசென்ஸ் போதாது. சொந்த நிலத்தில் ஓட்டுபவருக்குத் தோட்டத்து சொக்சோவும் இல்லை. 2017-இல் வந்த சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் விவசாயம் செய்பவர்களும் தாமே பதிந்து சந்தா கட்டலாம். இதைக் கேட்டதும்தான் தோழர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

சனிக்கிழமை அவரோடு நாமும் வண்டியைப் பார்க்கப் போனோம். புது பெயின்ட் பளபளவென்றிருந்தது. ரோல்பார் இல்லை. தண்டு மூடி பாதி உடைந்து தொங்கியது. விலையைக் குறைப்பதாக விற்பவர் சொன்னார்.

"விலை இருக்கட்டும் தவுக்கே, கம்பி போட்டுக் குடுங்க, அப்புறம் பேசலாம்" என்று நம் தோழர் வண்டியைச் சுற்றி இன்னொரு தடவை நடந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பக்கத்து நிலத்துக்காரர்களைப் பார்த்துப் பேசப் போகிறாராம்.