பாட்டரியில் தீர்ந்த பாட்டரி!

நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவின் தெற்கு முனையில் ஒரு பூங்கா. பெயர் 'பாட்டரி'. முற்காலத்தில் அங்கே பீரங்கிகள் வரிசையாக நின்றதால் வந்த பெயர். சுதந்திர தேவி சிலைக்கு அங்கிருந்து படகு புறப்படுகிறது. ஒரு ஜனவரி மாதம், அந்தப் பாட்டரியில் நின்றபோதுதான் என் செல்போனின் பாட்டரி உயிரை விட்டது!

படகு டிக்கெட், ஹோட்டல் விலாசம், மகளின் நம்பர் எல்லாம் அதற்குள்ளே! அவருடைய போனோ ஹோட்டல் அறையில்.

"ஒரு நம்பராவது மனப்பாடமாக இருக்கிறதா?" என்றார் அவர்.

"உங்களுக்கு இருக்கிறதா?" என்றேன். மௌனம்!

நல்ல வேளை, கைப்பையில் ஒயர் இருந்தது. 2016 முதல் அந்நகரத் தெருவோரங்களில் 'லிங்க்' என்ற கம்பங்களை நிறுத்தியிருக்கிறார்கள். காசில்லாமல் சார்ஜ் செய்துகொள்ளலாம். குளிரில் நடுங்கிக்கொண்டே அரை மணி நின்றோம். போன் கண் விழித்தது.

அன்று கற்ற பாடங்கள் இவை, சகோதரிகளே! கடுங்குளிரில் பாட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும். போனைக் கோட்டின் உள்பையில் வையுங்கள். திரை வெளிச்சத்தைக் குறையுங்கள். ஊர் வரைபடத்தை அறையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். 10,000 எம்.ஏ.எச். பவர் பாங்க் ஒன்று போதும். விமானத்தில் அதைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். அங்கே மின்சாரம் 120 வோல்ட், பிளக்குக்குத் தட்டைக் கால்கள். ஆகவே அடாப்டர் அவசியம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, விலாசத்தையும் நம்பரையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். காகிதத்துக்குச் சார்ஜ் தீராது!